ஆல்கஹாலுக்குள் ஒரு கண் மை

குழந்தைக்கு வாங்கிய லோஷன் பாட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ஆல்கஹால் இல்லாதது' என்று இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், தண்ணீருக்கும் கிளிசரினுக்கும் பக்கத்தில், 'செட்டில் ஆல்கஹால்' என்று இருக்கும். எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது யாராவது இந்தப் படத்தை எடுத்துப் போட்டு, "பாத்தீங்களா, எப்படி ஏமாத்துறாங்க?" என்று கேட்பார்கள்.

ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. செட்டில் ஆல்கஹால் என்பது வெள்ளையாக, மெழுகு மாதிரி இருக்கும் ஒரு பொருள். போதை தராது, தோலை உலர்த்தாது. லோஷனைக் கெட்டியாகவும் வழவழப்பாகவும் வைப்பதுதான் அதன் வேலை. ஒரு காலத்தில் திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைத்த மெழுகில் இருந்து இதைப் பிரித்தார்கள். 'செட்டில்' என்ற பெயரே திமிங்கிலத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இப்போது பெரும்பாலும் பாமாயில், தேங்காய் எண்ணெய் வகையறாவிலிருந்து எடுக்கிறார்கள். அழகுசாதனப் பொருளில் 'ஆல்கஹால் இல்லாதது' என்று எழுதினால், அது எத்தில் ஆல்கஹாலை, அதாவது சாராயத்தில் இருக்கும் அந்த ஒன்றை மட்டும்தான் குறிக்கும்.

சரி, போதைக்குச் சம்பந்தமே இல்லாத மெழுகுக்கு ஏன் ஆல்கஹால் என்று பெயர்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால், நம் வீட்டு மைச்சிமிழில் வந்து முடியும்.

ஆல்கஹால் என்ற சொல்லின் முதல் அர்த்தம் கண் மை.

அரபியில் 'அல்-குஹ்ல்'. 'அல்' என்பது ஆங்கிலத்தில் 'த' மாதிரி ஒரு முன்னொட்டு. 'குஹ்ல்' என்றால் கண்ணுக்கு இடும் கருப்புப் பொடி. இன்று ஆங்கிலத்தில் 'கோல்' என்று சொல்கிறார்களே, அதேதான். இந்தப் பொடியை அஞ்சனக்கல்லை, அதாவது ஆன்டிமனி சல்பைடை அரைத்துச் செய்தார்கள். அது கிடைக்காத இடத்தில், அல்லது விலை கட்டாத இடத்தில், பார்ப்பதற்கு அதே மாதிரி பளபளக்கும் கலீனா என்ற கல்லை அரைத்தார்கள். கலீனா என்பது ஈய சல்பைடு. இந்த ஈயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

கண்ணில் இடும் பொடி உறுத்தக் கூடாது இல்லையா? அதனால் அதை மற்ற எந்தப் பொடியையும் விட நுணுக்கமாக அரைக்க வேண்டும். விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடவே கூடாது. இந்த நுணுக்கம்தான் கதையில் முக்கியமான திருப்பம்.

12-ஆம் நூற்றாண்டு முதல் ஸ்பெயினில், குறிப்பாக டொலேடோ நகரில், அரபி அறிவியல் நூல்களை லத்தீனுக்கு மொழிபெயர்த்துத் தள்ளினார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பல இடங்களில் 'அல்' என்பது தனிச் சொல் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டு போனது. ஆல்ஜிப்ரா, ஆல்கலி எல்லாம் அந்த வகை. நான் சம்பளம் வாங்கும் தொழிலின் அல்காரிதமும் அல்-குவாரிஸ்மி என்பவர் பெயரிலிருந்து அதே வழியாக வந்ததுதான். அல்-குஹ்லும் அப்படித்தான் 'ஆல்கஹால்' ஆகி ஐரோப்பாவின் ரசவாதிகள் கைக்குப் போனது.

அவர்களுக்குக் கண் மையில் அக்கறை இல்லை. அந்த நுணுக்கம்தான் பிடித்திருந்தது. எந்தப் பொருளையும் அரைத்து, சலித்து, அல்லது சூடாக்கி ஆவியாக்கிப் படிய வைத்து, மிக மிக நுண்ணிய பொடியாக்கினால் அது ஆல்கஹால். ஆங்கிலத்துக்கு 1540களில் இந்தச் சொல் வந்தபோது அதன் அர்த்தம் பொடிதான், திரவம் இல்லை.

அடுத்த அடி பாராசெல்சஸ் எடுத்து வைத்தது. 1541-இல் இறந்துபோன இந்த சுவிஸ் மருத்துவர் கொஞ்சம் சண்டைக்காரர், பெயர் வைப்பதில் ஆர்வமுள்ளவர். பொடியில் மிக நுண்ணியது எப்படி ஆல்கஹாலோ, அப்படியே ஒரு திரவத்தில் மிகத் தூய்மையான, சாரமான பகுதியும் ஆல்கஹால் என்ற எண்ணத்தில், வைனைக் காய்ச்சி வடித்துக் கிடைப்பதை 'ஆல்கூல் வினி' என்றார். வைனின் நுண்சாரம் என்று அர்த்தம். கவனிங்க, வைனை வடிப்பது அவர் கண்டுபிடித்ததல்ல. இத்தாலியின் சலெர்னோவில் 12-ஆம் நூற்றாண்டிலேயே வடித்தார்கள். எரியும் நீர், உயிர்நீர் என்றெல்லாம் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. பொருள் பழசு, பெயர் மட்டும்தான் புதுசு.

இரண்டு அர்த்தமும் ரொம்ப நாள் ஒன்றாகவே இருந்தன. 1755-இல் சாமுவேல் ஜான்சன் போட்ட ஆங்கில அகராதியில் ஆல்கஹாலுக்கு வைன் சாரம், நுண்பொடி என்று இரண்டு பொருளும் இருக்கின்றன. அதற்குப் பிறகு பொடி மெல்ல மெல்ல உதிர்ந்து, வைன் மட்டும் நின்றது.

இதை என் மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியலைத் தமிழிலேயே படித்தவர். "தம்பி, நாங்கள் அதை மதுசாரம் எண்டுதான் படிச்சனாங்கள்" என்றார். மது, சாரம். எனக்குச் சட்டென்று புல்லரித்தது. 'ஆல்கூல் வினி' என்பதை யாராவது தமிழில் சொல் சொல்லாக மொழிபெயர்க்கச் சொன்னால் வேறு எப்படிச் சொல்வது? இலங்கைத் தமிழில் பாடப்புத்தகத்திலும் பத்திரிகையிலும் இன்றும் அந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் நாம் 'ஆல்கஹால்' என்று எழுத்துப்பெயர்ப்பு செய்துவிட்டு நகர்ந்துவிட்டோம். உங்க பிள்ளை வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இந்த இரண்டு சொல்லையும் கேட்டுவிட்டு வந்து எது சரி என்று கேட்டால், இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இங்கே ஒரு வாட்ஸ்அப் பார்வர்டையும் கவனித்துவிடுவோம். 'ஆல்கஹால் என்றால் அரபியில் உடலைத் தின்னும் பேய்' என்று அடிக்கடி ஒன்று சுற்றுகிறது. அரபியில் 'கூல்' என்று ஒரு பிசாசு உண்டு, உண்மை. ஆங்கிலத்தின் 'கூல்' என்ற பேய்ச் சொல்லும், வானத்தில் 'அல்கால்' என்ற நட்சத்திரத்தின் பெயரும் அங்கிருந்து வந்தவைதான். (அல்கால் என்ற பழைய கணினி மொழிக்கும் இந்தப் பேய்க்கும் தொடர்பில்லை. அதில் வேலை பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.) ஆனால் ஆல்கஹாலின் வேர் அதுவல்ல. இடையில் சில நூறு வருஷம் அது பொடி என்ற அர்த்தத்தில் ஓடியிருப்பதே அதற்குச் சாட்சி. பேயைத் தூளாக்கிச் சலிக்க முடியாது இல்லையா?

இன்னொரு வேடிக்கை. இன்றைய அரபியில் கண் மை 'குஹ்ல்', சானிடைசரில் இருப்பது 'குஹூல்'. ஐரோப்பாவுக்குப் போய், அர்த்தம் மாறி, வீடு திரும்பிய சொல் அது. இரண்டையும் அரபியில் எழுதினால் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

19-ஆம் நூற்றாண்டில் நடந்ததுதான் லோஷன் பாட்டில் குழப்பத்துக்குக் காரணம். மரக்கட்டையைக் காற்றில்லாமல் சூடாக்கினால் கிடைக்கும் மரச்சாராயம், திமிங்கில மெழுகிலிருந்து வந்த பொருள், வைனிலிருந்து வந்த சாராயம், இந்த மூன்றும் பார்ப்பதற்கும் முகர்வதற்கும் வேறு வேறு. ஆனால் வினைபுரியும் விதம் ஒரே மாதிரி. காரணம், மூன்றிலும் ஒரு கார்பனோடு ஒரு ஆக்சிஜனும் அதன் மேல் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வேதியியலாளர்கள் இந்தக் குடும்பத்துக்கே ஆல்கஹால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்க தொழில் பாஷையில் சொன்னால், ஒரே ஒரு ஆப்ஜெக்டின் பெயரை எடுத்து கிளாஸுக்கு வைத்துவிட்டார்கள். கோட் ரிவ்யூவில் யாராவது இதைச் செய்தால் நான் விடமாட்டேன். ஆனால் 200 வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம், இனி பெயரை மாற்ற முடியாது.

குடும்பப் பெயர் வந்தவுடன் வால் பிறந்தது. ஆல்கஹாலின் கடைசித் துண்டான 'ஆல்' தனியாகக் கழன்று, அந்தக் குடும்பத்து ஆட்களின் பெயருக்குப் பின்னால் ஒட்டியது. எத்தனால், கிளிசரால், குழந்தைகளின் டூத்பேஸ்ட்டில் இருக்கும் சார்பிட்டால், சைலிட்டால் எல்லாம் அப்படி வந்தவை. நம் பெற்றோர் தலைமுறையின் சாப்பாட்டு மேசையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் கொலஸ்ட்ராலும்தான். பித்தப்பைக் கல்லிலிருந்து பிரித்த அந்தப் பொருளுக்கு 1815-இல் பிரான்சின் ஷெவ்ரோல் வைத்த பெயர் கொலஸ்டெரின். பித்தம், கெட்டி என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் அதில் இருக்கின்றன. 1859-இல் பெர்த்தலோ அதுவும் ஆல்கஹால் குடும்பம்தான் என்று காட்டினார். அதன் பிறகு வால் மாறி கொலஸ்ட்ரால் ஆனது. ஆக, அப்பாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் துளி கண் மை ஒட்டியிருக்கிறது.

தலையும் சும்மா இருக்கவில்லை. ஆல்கஹாலிலிருந்து இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டால் கிடைப்பதற்கு, 'ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால்' என்பதன் லத்தீன் வடிவத்தைச் சுருக்கி, ஜெர்மனியின் லீபிக் 'ஆல்டிஹைடு' என்று பெயர் வைத்தார். அதன் முதல் துண்டு, 'அல்', அரபியின் முன்னொட்டு. வெறும் 'த'. அது பிறகு ஒரு வாலாகவும் ஆகி, ஆல்டிஹைடுகளின் பெயர்கள் 'அல்' என்று முடிய ஆரம்பித்தன. தமிழில் எழுதும்போது ஆல்கஹாலின் முன்னாலும் பின்னாலும் ஒரே 'ஆல்' மாதிரி தெரியும். ஆனால் முன்னால் இருப்பது அரபி முன்னொட்டு, பின்னால் இருப்பது மையின் மிச்சம்.

இப்போது மரச்சாராயத்துக்கு வருவோம், ஏனென்றால் அதைச் சிரித்துக்கொண்டு தாண்ட முடியாது. 1830களில் டூமாவும் பெலிகோவும் அதற்கான பெயரை, வைனுக்கான கிரேக்கச் சொல் 'மெத்தி', மரத்துக்கான 'ஹூலே' இரண்டையும் சேர்த்து உண்டாக்கினார்கள். மெத்தில் என்பது அங்கிருந்து வந்தது. 'மெத்தி'யும் சமஸ்கிருத 'மது'வும் ஒரே வேர். மாமனாரின் மதுசாரத்தில் இருக்கும் மது அதுதான். மெத்தனால் என்ற பெயரை உடைத்தால் மது, மரம், மை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது. அன்று செய்தியைப் பார்த்த பலரும் "ஆல்கஹால்தானே, அளவு மீறிவிட்டது போல" என்று நினைத்திருக்கலாம். அளவு இல்லை, ஆளே வேறு. எத்தனாலை நம் கல்லீரல் படிப்படியாக மாற்றி வெளியேற்றிவிடும். அதே கல்லீரல் மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்மிக் அமிலம் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று பார்வை நரம்பு. மருத்துவமனையில் இதற்கு ஃபோமெபிசால் என்ற மருந்தைத் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் எத்தனாலையே அளவோடு ஏற்றுவார்கள். கல்லீரலின் நொதி எத்தனாலைப் பார்த்தால் மெத்தனாலை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் டயாலிசிஸ் செய்துவிடலாம்.

அதே கண்ணுக்குள் நல்ல விதமாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆல்கஹாலும் உண்டு. வைட்டமின் ஏ-யின் வேதியியல் பெயர் ரெட்டினால். ரெட்டினா என்றால் விழித்திரை, பின்னால் நம்ம 'ஆல்'. கேரட், முருங்கைக்கீரை மாதிரியானவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டினிலிருந்து உடல் இதைச் செய்துகொள்கிறது. விழித்திரையில் ரெட்டினாலில் இருந்து இரண்டு ஹைட்ரஜன் போனால் அது ரெட்டினல், ஆல்டிஹைடு. வெளிச்சம் பட்டவுடன் வளைந்திருந்த ரெட்டினல் நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் பார்வையின் முதல் படி. வைட்டமின் ஏ-க்கும் பார்வைக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. கண் மைக்கான சொல்லின் வாலும் தலையும் ஆயிரம் வருஷம் கழித்துக் கண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

இனி அந்த ஈயம்.

எங்க மகள் பிறந்து ரெண்டாவது மாசம் அம்மா மதுரைக்குப் போய்விட்டு ஒரு மைச்சிமிழோடு லண்டன் வந்தார். கோயில் வாசல் கடையில் வாங்கியது. லேபிளில் சாமி படம் இருந்தது. என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. நான் வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு வருத்தம். "உனக்கும் மை போட்டுத்தானேடா வளர்த்தேன், உன் கண்ணுக்கு என்ன குறைச்சல்?" நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அம்மா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்குப் போட்டது பாட்டி வீட்டில் செய்தது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காய வைத்த துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றி, மேலே ஒரு செம்புத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த புகைக்கரி. அது வெறும் கார்பன். கடைச் சிமிழில் இருப்பதும் கருப்புதான், பெயரும் மைதான். உள்ளே இருப்பது கரியா, கலீனாவா என்று கண்ணால் சொல்ல முடியாது. சுர்மா, கோல் என்று விற்கப்படுபவற்றைச் சோதித்தபோது பலவற்றில் பெரும்பகுதி ஈய சல்பைடாகவே இருந்திருக்கிறது. குழந்தை கண்ணைக் கசக்கும், கையை வாயில் வைக்கும். ஈயம் போகும் வழி அது. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்த அளவில் வெளியே எதுவும் தெரியாது. பின்னால் கவனத்திலும் கற்றலிலும் தெரியும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கோலை அழகுசாதனப் பொருளில் அனுமதிப்பதே இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஈயச் சேர்மங்களை அழகுசாதனப் பொருளில் சேர்க்கத் தடை உண்டு.

"எகிப்து மை கண்ணுக்கு நல்லது என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்" என்று எங்கள் குழுவில் ஒருத்தர் உடனே போட்டார். 2010-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு அது. எகிப்தியர்கள் தனியாகத் தயாரித்த சில ஈய உப்புகள், மிகக் குறைந்த அளவில், தோல் செல்களை நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கின்றன, அது கண் தொற்றைத் தடுக்க உதவியிருக்கலாம் என்றார்கள். ஆய்வகத்தில் தனிச் செல்களில் பார்த்தது. கோயில் வாசல் சிமிழுக்கும் ரெண்டு மாசக் குழந்தைக்கும் அதில் பதில் இல்லை.

அம்மா கடைசியில் விளக்கு ஏற்றினார், எங்க சமையலறையில். ஐந்து நிமிஷத்தில் ஸ்மோக் அலாரம் கத்தி, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். ஆனாலும் ஒரு சிட்டிகை கரி கிடைத்தது. எங்க ஹெல்த் விசிட்டர், எதுவானாலும் கண்ணுக்குள் வைக்க வேண்டாம், விரலில் இருக்கும் கிருமியே போதும் என்று சொல்லியிருந்தார். அதனால் பொட்டு உள்ளங்காலில். திருஷ்டி அங்கே வைத்தாலும் கழியுமாம், அம்மாவே சொன்னார்.

உங்க வீட்டிலும் ஊரிலிருந்து வந்த சிமிழ் இருந்தால், சேர்மானப் பட்டியலைத் தேடுங்க. கார்பன் பிளாக் என்றால் சி.ஐ. 77266, கருப்பு இரும்பு ஆக்சைடு என்றால் சி.ஐ. 77499 என்ற எண் இருக்கும். பட்டியலே இல்லாததைக் குழந்தைக்குப் போடாதீங்க. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்க. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க ஒரு எளிய பரிசோதனை இருக்கிறது. சிமிழையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.